சுருட்டின பாயும் எலிக்கடியும்: மார்மன் – மாஜி மார்மன் குஸ்தி

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ், ரெண்டு ரெண்டு பேரா நடை. நியூஜெர்சியில் நம்மாட்கள் குவிஞ்சு கிடக்கிற அபார்ட்மென்ட் எதிலயாவது நீங்க குடியிருந்தா இந்தப் பசங்களைப் பார்த்திருப்பீங்க. எங்க கதவையும் தட்டினாங்க. மதுரைக்கார ரூம்மேட் விருந்தோம்பல் திலகம். உட்காருங்கன்னு சொல்லி டீக்கு தண்ணி வெச்சுட்டான். டீ வேணாம்னாங்க. காபி? அதுவும் வேணாம். ரெண்டையும் விலக்கணும்னு 1833ல் இருந்தே அவங்களுக்கு விதி இருக்காம். கடைசியில் பெருங்காயம் போட்டு மோர் கரைச்சுக் கொடுத்தான். குடிச்ச முகத்தை வர்ணிக்க மாட்டேன், பாவம் :-)

இந்தப் பதிவு அவங்களைப் பத்தி இல்லை. அவங்க போனப்புறம் சும்மா இருக்காம நான் தேடிப் படிச்ச ஒரு சண்டையைப் பத்தி. மார்மன் மதத்திலயே பொறந்து வளர்ந்து வெளிய வந்தவங்க ஒரு பக்கம். உள்ளயே இருந்துக்கிட்டு, படிச்சு, ஆராய்ஞ்சு, மதத்துக்கு வக்காலத்து வாங்கறவங்க இன்னொரு பக்கம். முதல் கோஷ்டியை மாஜிகள்னும் அடுத்ததை வக்காலத்துக்காரங்கன்னும் வெச்சுக்கறேன், எழுத வசதி. (மார்மன்ங்கற பேரே வேணாம், முழுப்பேர் சொல்லுங்கன்னு 2018ல் அவங்க தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கிட்டார். முழுப்பேர் 'பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை'. பதிவு முழுக்க அதையே அடிச்சா என் கீபோர்டு அழுதுடும், மன்னிச்சுக்குங்க.)

ரெண்டு கோஷ்டியும் மாத்தி மாத்தி எழுதினதைப் படிக்க ஆரம்பிச்சா ராத்திரி ரெண்டு மணி, மூணு மணின்னு போகுது. நம்ம பதிவுலகக் கும்மியெல்லாம் இதுக்கு முன்னாடி பச்சைக் குழந்தை. ஆனா நாள் ஆக ஆக, யார் ஜெயிச்சாங்கங்கறதுல எனக்கு ஆர்வம் குறைஞ்சு போச்சு. தன் பக்கத்துக்கு சாதகமா வந்து விழுந்த சாட்சியை யார் சந்தேகப்பட்டாங்கன்னுதான் தேட ஆரம்பிச்சேன். அப்படிப்பட்ட ஆட்கள் ரெண்டு பக்கமும் இருக்காங்க. ரொம்பக் கம்மி, ஆனா இருக்காங்க.

ஆயிரம் சண்டையில் ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன். எகிப்திய மம்மி, தீ விபத்து, நியூயார்க் மியூசியம், கணக்கு எல்லாம் அதுல இருக்கு.

முன்கதைச் சுருக்கம். ஜோசப் ஸ்மித், 1805ல் வெர்மான்ட்ல பொறந்த விவசாயி மகன். ஒரு தேவதை காட்டின தங்கத் தகடுகளில் இருந்து மொழிபெயர்த்தேன்னு 1830ல் 'மார்மன் புத்தகம்' வெளியிட்டார், அதே வருஷம் சபையும் ஆரம்பிச்சார். தகடுகள் இப்போ இல்லை, தேவதை திரும்ப வாங்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்றாங்க. அதனால அந்த மொழிபெயர்ப்பை மூலத்தோட வெச்சு சரிபார்க்க வழியே கிடையாது. நம்பறவன் நம்பலாம், நம்பாதவன் போகலாம்.

ஆனா 1835ல் ஒஹையோவில், கர்ட்லேண்ட்ங்கற ஊருக்கு மைக்கேல் சேண்ட்லர்னு ஒருத்தர் வந்து சேர்ந்தார். ஊர் ஊரா மம்மி காட்டிக் காசு பார்க்கிற ஆள். நம்ம பொருட்காட்சியில் ரெட்டைத் தலைக் கன்னுக்குட்டி காட்டுவாங்களே, அந்த ரகம். அவர்கிட்ட நாலு மம்மி, கூடவே பேப்பைரஸ் சுருள்கள். ஜோசப் ஸ்மித் பார்த்துட்டு, ஒரு சுருள்ல இருக்கிறது ஆபிரகாம் எழுதினதுன்னு சொன்னார். பைபிள்ல வர்ற அதே ஆபிரகாம். எல்லாரும் சேர்ந்து 2,400 டாலர் கொடுத்து வாங்கினாங்க. அந்தக் காலத்து 2,400 டாலர்! பிரான்ஸ்ல ஷாம்போலியன் எகிப்திய எழுத்தை உடைச்சது 1822ல். ஆனா 1835ல் அமெரிக்காவில் அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. சரிபார்க்க ஆளே இல்லை, சரக்கு மட்டும் கையில் இருக்கு.

1842ல் 'ஆபிரகாம் புத்தகம்' அச்சாச்சு. கூடவே சுருள்ல இருந்து எடுத்த மூணு படம், ஒவ்வொண்ணுலயும் எண் போட்டு இது யாரு அது யாருன்னு விளக்கம். இந்தப் புத்தகம் பின்னாடி வேதமாவே சேர்ந்துடுச்சு. கடவுளுக்குப் பக்கத்துல இருக்கிற கோலோப்ங்கற நட்சத்திரம் இதுல வருது. ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்களுக்கு குருத்துவம் கிடையாதுன்னு 1978 வரைக்கும் சபை வெச்சிருந்த தடைக்கு இதுல இருக்கிற வரிகளையும்தான் ஆதாரமா காட்டினாங்க. அதனால இது ஏதோ பழங்காலக் காகிதச் சண்டைன்னு ஒதுக்கிட முடியாது. அந்த வரிகளோட நிழல்ல நிஜ மனுஷங்க வாழ்ந்திருக்காங்க.

1844ல் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் ஜெயில்ல புகுந்து சுட்டுக் கொன்னுடுச்சு. மம்மிகள் அவர் அம்மாகிட்ட இருந்தது. 1856ல் அந்தம்மா போனதும் குடும்பம் எல்லாத்தையும் வித்துட்டாங்க. அதுல ஒரு பகுதி சுத்திச் சுத்தி சிகாகோ மியூசியம் ஒண்ணுக்குப் போச்சு. 1871ல் சிகாகோ பெருந்தீ. மியூசியம் காலி. சரி, தங்கத் தகடு மாதிரி இதுவும் போச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க.

மூலம் போனாலும் அச்சான படங்கள் இருந்ததே. 1912ல் யூட்டாவில் ஸ்பால்டிங்னு ஒரு எபிஸ்கோபல் பிஷப், அந்த மூணு படத்தையும் எட்டு நிபுணர்களுக்கு அனுப்பினார். ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, பிரெஸ்டட் மாதிரி பெரிய தலைகள். எட்டு பேரும் ஒரே குரல்ல சொன்னது: இது சாதாரண எகிப்திய ஈமச்சடங்குப் படம், விளக்கம் எல்லாம் தப்பு. பிஷப் அதை ஒரு சின்னப் புத்தகமா போட்டார். பத்திரிகையெல்லாம் பரபரப்பு.

பதிலுக்கு வந்தார் நம்ம முதல் அனானி. 'டாக்டர் ராபர்ட் வெப்'ங்கற பேர்ல ஒருத்தர் சபைப் பத்திரிகையில் வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுதினார். விசேஷம் என்னன்னா, அவர் மார்மனே இல்லை, பேர் வெப் இல்லை, டாக்டரும் இல்லை. ஹோமன்ஸ்ங்கற எழுத்தாளர். இதை ஒத்துக்கிட்டவர், பிற்காலத்துல வக்காலத்துக்காரங்களுக்கே பிதாமகரான ஹ்யூ நிப்ளி. எதிர்ப்பக்கம் மட்டும் யோக்கியமான்னா, அங்கயும் ஒரு கேஸ் இருக்கு. 1968ல் மாஜிகளுக்காக பேப்பைரஸை மொழிபெயர்த்த டீ ஜே நெல்சன், அப்புறம் தன்னை டாக்டர்னு சொல்லிக்கிட்டு ஊர் ஊரா பேசினார். அந்தப் பட்டம் காசுக்கு வாங்கினதுன்னு அரிசோனாவில் ஒரு மார்மன் தம்பதி துருவித் துருவிக் கண்டுபிடிச்சு 1981ல் புத்தகமே போட்டாங்க. ஆக, ஆளுக்கொரு போலி டாக்டர். கணக்கு நேர்!

நடுவுல ஒரு சின்ன விலகல். நமக்கும் இந்த வியாதி பழசு. அருட்பா – மருட்பா சண்டை தெரியும்தானே? 1867ல் வள்ளலார் பாடல்கள் 'திருவருட்பா'ன்னு அச்சாக, அதை அருட்பான்னு சொல்லக்கூடாதுன்னு ஆறுமுக நாவலர் கிளம்ப, கண்டனத்துக்குக் கண்டனம், மறுப்புக்கு மறுப்பு. 1869ல் மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் போச்சு. ரெண்டு பேரும் மறைஞ்சப்புறமும் அடுத்த தலைமுறை விடலை. நாவலர் பக்கம் கதிரைவேற்பிள்ளை நிக்க, வள்ளலார் பக்கம் வாதாடினவங்கள்ல ஒருத்தர் செய்குத்தம்பிப் பாவலர், ஒரு முஸ்லிம். மதத்துக்கு வெளியே இருந்து வந்து வக்காலத்து வாங்கினவர்னு பார்த்தா வெப் ஞாபகம் வரும். ஆனா பாவலர் சொந்தப் பேர்ல, மேடையேறி, முகத்தைக் காட்டி வாதாடினவர். அந்த வித்தியாசம் சாதாரணமில்லை. இன்னொரு கொசுறு: 1853லயே ரிச்சர்ட் பாலன்டைன்ங்கற மார்மன் மிஷனரி நம்ம மெட்ராஸுக்கு வந்து இறங்கியிருக்கார். இங்கிலீஷ்ல பத்திரிகை கூட அச்சடிச்சுப் பார்த்தார். போணியாகலை. அவருக்கு மோர் கொடுத்தாங்களான்னு தெரியலை.

சரி, மேட்டருக்கு வருவோம். 1966ல் அஸீஸ் அத்தியான்னு ஒரு பேராசிரியர், எகிப்துக்காரர், யூட்டா பல்கலைக்கழகத்துல வேலை, நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல வேற எதையோ தேடிக்கிட்டிருந்தார். ஒரு கோப்புல சில பேப்பைரஸ் துண்டுகள். ஒண்ணுல இருக்கிற படத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுது. ஆபிரகாம் புத்தகத்து முதல் படம்! பேப்பைரஸை ஒட்டி வெச்சிருந்த பழைய தாள்களில் கர்ட்லேண்ட் ஊர் வரைபடம், கோயில் பிளான். கூடவே 1856ல் குடும்பம் எழுதிக் கொடுத்த விற்பனைச் சீட்டு. சிகாகோவில் எல்லாமே எரியலை. கொஞ்சம் வேற கைகளுக்குப் போயிருந்திருக்கு. 1918ல் ஒரு அம்மா மெட்டுக்கு எடுத்துட்டு வந்து காட்டியிருக்காங்க, 1947ல் மியூசியம் வாங்கியிருக்கு. எங்க ஊர்ல இருந்து ரயில் ஏறினா ஒரு மணி நேரத்துல போயிடலாம், அந்தக் கட்டடத்துல இருபது வருஷமா சும்மா கிடந்திருக்கு.

1967 நவம்பர் 27ல் மெட் 11 துண்டுகளை சபைக்கே கொடுத்தது. சபையும் ஒளிச்சு வைக்கலை, 1968 ஆரம்பத்துலயே தன் பத்திரிகையில் ஃபோட்டோ போட்டுடுச்சு. இதை மாஜிகள் அவ்வளவா சொல்றதில்லை, அதனால நான் சொல்லி வைக்கறேன். 1966ல் ஸ்டான்ஃபோர்ட்ல மார்மன் அறிவுஜீவிகள் ஆரம்பிச்ச 'டயலாக்' இதழ், வெளி நிபுணர்களைக் கூப்பிட்டு 1968ல் படிக்கச் சொன்னது. அவங்க படிச்சதுல வந்தது: சில துண்டுகள் 'இறந்தோர் நூல்'. முதல் படம் இருக்கிற சுருள், ஹோர்ங்கற தீப்ஸ் நகரத்துப் பூசாரிக்கு எழுதின 'மூச்சு விடுவதற்கான அனுமதி'. மேலோகத்துல செல்லுபடியாகிற விசான்னு வெச்சுக்குங்க. காலம் ஆபிரகாமுக்கு எத்தனையோ நூற்றாண்டு பின்னாடி, கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்குல. ஆபிரகாம் பேர் ஒரு இடத்துலயும் இல்லை.

இங்கதான் வக்காலத்துக்காரங்க திறமை. நமக்குக் கிடைச்சது துண்டுதானே, ஆபிரகாம் கதை எரிஞ்சு போன மிச்சத்துல இருந்திருக்கலாமேன்னாங்க. நியாயமான கேள்விதான். நீளமான சுருள் ஒண்ணைப் பார்த்ததா 19ஆம் நூற்றாண்டு சாட்சிகள் சொல்லியிருக்காங்க. அப்போ பிரச்சனை இதுவா சுருங்குது: தொலைஞ்சு போன பகுதி எவ்வளவு நீளம்?

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இந்த இடத்துல கை ஊறிடுச்சு. ஏன்னா, இதைக் கணக்குப் போட முடியும்!

பத்தமடைப் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி வெச்சிருக்கீங்க. எலி வெளியில இருந்து ஒரே இடத்துல கடிச்சு நாலு சுற்று உள்ள போயிடுச்சு. இப்போ பாயை விரிங்க. அதே ஓட்டை வரிசையா நாலு தடவை இருக்கும். முதல் ஓட்டைக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல இருக்கிற தூரம் வெளிச் சுற்றளவு. அடுத்த இடைவெளி கொஞ்சம் கம்மி, அதுக்கடுத்தது இன்னும் கம்மி. ஒவ்வொரு சுற்றுக்கும் குறையறது பாயோட தடிமன் மாதிரி 6.28 மடங்கு (2 பை, பத்தாங்கிளாஸ் கணக்குதான்). அப்போ பாதிப் பாய் கிழிஞ்சு தொலைஞ்சு போனாலும், கையில் இருக்கிற பாதியில் ஓட்டைகளை அளந்து, இடைவெளி எவ்வளவு வேகமா குறையுதுன்னு பார்த்தா, தொலைஞ்சது எவ்வளவுன்னு சொல்லிடலாம்.

உதாரணம். இப்போதைய சுற்று 10 செ.மீ., ஒவ்வொரு சுற்றுக்கும் 4 மி.மீ. குறையுதுன்னா, உள்ள இன்னும் 25 சுற்று, சராசரி 5 செ.மீ., மொத்தம் சுமார் 125 செ.மீ. அதே 10 செ.மீ., ஆனா குறையறது 0.4 மி.மீ.தான்னு எடுத்துக்கிட்டா 250 சுற்று, 1,250 செ.மீ. பன்னிரண்டரை மீட்டர்! அளக்கறதுல சின்ன சறுக்கல், விடையில் பத்து மடங்கு. இன்னொண்ணும் கவனிங்க, ரெண்டாவது கணக்குல பாயோட தடிமன் 0.06 மி.மீ.தான் வரும். சாதாரண பிரிண்டர் தாளே 0.1 மி.மீ. இருக்கு.

பேப்பைரஸ் சுருள்லயும் இதே மாதிரி சேதம் திரும்பத் திரும்ப வருது. பிரிகாம் யங் பல்கலைக்கழக எகிப்தியவியலாளர், வக்காலத்துக்காரங்கள்ல முன்னணி ஆள் ஜான் கீ, இந்த முறையில் 2008ல் ஒரு நீளம் சொன்னார்: 1,250 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல. ஆபிரகாம் கதை தாராளமா அடங்கும். 2010ல் ஆண்ட்ரூ குக்கும் கிறிஸ்டோபர் ஸ்மித்தும் அதே சுருளை அளந்து டயலாக்ல எழுதினாங்க. குக் பே ஏரியா பக்கம் லிவர்மோர் ஆய்வகத்து இயற்பியலாளர். அவங்க விடை: தொலைஞ்சது அதிகபட்சம் சுமார் 56 செ.மீ. அதுக்குள்ளயே ஹோரோட விசாவில் மிச்சமும் மூணாவது படமும் அடங்கியாகணும். 2012 வரைக்கும் பதிலுக்குப் பதில் ஓடுச்சு. ரெண்டு பேர் கட்டுரையையும் வரிக்கு வரி படிச்சதுல எனக்கு குக் கணக்குதான் சரின்னு படுது. எந்தெந்த இடத்தை ஓட்டையா எடுத்துக்கிட்டாங்க, எப்படி அளந்தாங்கன்னு படத்தோட போட்டிருக்காங்க, வேணும்னா நீயே அளந்துக்கோங்கற தோரணை.

இந்த ஜான் கீக்கு யேல்ல எகிப்தியவியல் சொல்லிக் கொடுத்தவங்கள்ல ஒருத்தர் ராபர்ட் ரிட்னர். 2011ல் சுருள் முழுசையும் மொழிபெயர்த்து, ஆபிரகாம் புத்தகத்தைக் கிழி கிழின்னு கிழிச்ச அதே ரிட்னர் (2021ல் காலமாயிட்டார்). குருவும் சிஷ்யனும் எதிரெதிர் பக்கம். துரோணரும் அர்ஜுனனும் பரவாயில்லை, அவங்களுக்கு 18 நாள்ல முடிஞ்சது.

2014 ஜூலையில் சபையே ஒரு கட்டுரை வெளியிட்டது. கிடைச்ச துண்டுகள்ல இருக்கிற எழுத்துக்கும் ஆபிரகாம் புத்தகத்துக்கும் பொருத்தமில்லைங்கறதுல மார்மன் நிபுணர், வெளி நிபுணர் எல்லாரும் ஒத்துப் போறாங்கன்னு அதுலயே இருக்கு. அப்புறம் ரெண்டு வழி சொல்றாங்க. ஒண்ணு, தொலைஞ்ச பகுதியில் இருந்திருக்கலாம். ரெண்டு, பேப்பைரஸ் வெறும் தூண்டுகோல், அதைப் பார்த்ததும் கடவுள் நேரா அருளினார். ரெண்டாவதுக்கு பதிலே சொல்ல முடியாது. அளக்கறதுக்கு அங்க எதுவும் இல்லை. பாயே வேணாம்னா எலிக்கடியை எங்க தேட?

இதெல்லாம் படிக்க ஜாலியாத்தான் இருக்கு, நமக்கு. உள்ள இருக்கிறவங்களுக்கு இது வேற. ஸ்வீடன்ல ஹான்ஸ் மாட்ஸன்னு ஒருத்தர், சபையில் ரொம்பப் பெரிய பொறுப்புல இருந்தவர். கீழ இருக்கிறவங்க கொண்டு வந்த கேள்விகளுக்கு பதில் தேடப் போய் தானே ஆட்டம் கண்டுட்டார். 2010ல் சால்ட் லேக் சிட்டியில் இருந்து சபையோட வரலாற்று அதிகாரிகளே ஸ்வீடனுக்குப் பறந்து வந்து கூட்டம் போட்டாங்க. அவருக்கு அது போதலை. 2013 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ்ல பேர் சொல்லிப் பேசினார். ஆயுசு முழுக்க ஒரு சபைக்காக ஓடி ஓடி உழைச்ச மனுஷன், அந்த வயசுல.

அவராவது பிரபலம். சாதாரண ஆளுக்கு இடி எங்க விழும் தெரியுமா? கல்யாணத்துல. மார்மன் கல்யாணம் கோயிலுக்குள்ள நடக்கும், அனுமதிச் சீட்டு இருக்கிற உறுப்பினர்தான் உள்ள போக முடியும். நம்பிக்கை போயிடுச்சுன்னு வெளிய வந்த அப்பா அம்மாவுக்கு சீட்டு கிடையாது. முதல்ல வெளியில சிவில் கல்யாணம் பண்ணிக்கிட்டு அப்புறம் கோயிலுக்குப் போகலாமேன்னா, அமெரிக்காவில் அதுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்னு 2019 மே வரைக்கும் விதி. அதனால பெத்த பொண்ணு உள்ள கல்யாணம் பண்ணிக்க, அம்மா புடிச்ச பூங்கொத்தோட வெளியில தோட்டத்து பெஞ்சுல உட்கார்ந்திருக்கும். நம்ம ஊர்ல தாலி கட்டற நேரத்துல பெத்தவங்களை மண்டபத்து வாசல்ல நிறுத்தி வெச்சா எப்படி இருக்கும்? 56 செ.மீ.யா 1,250 செ.மீ.யாங்கறதுக்கு ஏன் இத்தனை ராத்திரி முழிச்சு அடிச்சுக்கறாங்கன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

நான் தேடின மனுஷங்களுக்கு இப்போ வர்றேன். முதல் ஆள் ஜெரால்ட் டேனர். அவரும் அவர் மனைவி சான்ட்ராவும் மாஜிகள்ல மூத்த தலைமுறை. சான்ட்ரா, ஜோசப் ஸ்மித்துக்கு அப்புறம் தலைவரான பிரிகாம் யங்கோட நேரடி வாரிசு. கொள்ளுப் பேத்திக்கும் அடுத்த தலைமுறை. ரெண்டு பேரும் சபையை விட்டு வெளிய வந்து, சால்ட் லேக் சிட்டியில் வீட்டுலயே அச்சு மெஷின் வெச்சு, சபையோட பழைய ஆவணங்களை நகலெடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆபிரகாம் புத்தகத்துக்காக ஜோசப் ஸ்மித் கோஷ்டி தயார் பண்ணின 'எகிப்திய எழுத்தும் இலக்கணமும்' குறிப்புகளை மைக்ரோஃபிலிம்ல இருந்து எடுத்து 1966ல் வெளிய விட்டதும் இவங்கதான்.

1980கள்ல மார்க் ஹாஃப்மன்னு ஒரு பழைய ஆவண வியாபாரி, சபையோட ஆரம்ப காலத்துக் கடிதமா கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தார். அதுல உச்சம் 1830ல் எழுதினதா சொல்லப்பட்ட ஒரு கடிதம். தங்கத் தகட்டைக் காவல் காத்தது தேவதை இல்லை, ஒரு வெள்ளைப் பல்லி மாதிரி ஜந்துன்னு அதுல இருந்தது. மாஜிகளுக்கு லட்டு! நிபுணர்கள் அசல்னு சொல்லிட்டாங்க. ஆனா ஜெரால்டுக்கு உறுத்துச்சு. 1834ல் வந்த ஒரு மார்மன் எதிர்ப்புப் புத்தகத்தோட இது சந்தேகப்படும்படியா ஒத்துப் போகுதேன்னு 1984ல் தன் பத்திரிகையிலயே எழுதினார். சான்ட்ராவே ஆரம்பத்துல ஒத்துக்கலை. கையில் கிடைச்ச பெரிய ஆயுதத்தை நீயே கெடுக்கறியேன்னு கூட இருந்தவங்களுக்கு இருந்திருக்காதா? 1985 அக்டோபர் 15ல் சால்ட் லேக்ல வெடிகுண்டு வெடிச்சு ரெண்டு பேர் செத்தாங்க. மாட்டிக்காம இருக்க ஹாஃப்மன் வெச்ச குண்டு. கடிதங்கள் அத்தனையும் அவர் கையால போட்ட போலி. 1987ல் குற்றத்தை ஒத்துக்கிட்டு ஆயுள் தண்டனை. சபைத் தலைவர்கள் அவர்கிட்ட காசு கொடுத்து வாங்கியிருந்தாங்க, அவங்களுக்குப் பொறி தட்டலை. தட்டினது சபையோட பரம எதிரிக்கு.

அதே டேனர்கள் கோர்ட்டுக்குப் போன கதையும் உண்டு, ரெண்டு தடவை. 1999ல் சபையோட உள்நிர்வாகக் கையேட்டுல சில பக்கங்களைத் தங்கள் தளத்துல போட்டாங்கன்னு சபை கேஸ் போட்டு தடை வாங்கினது. அடுத்தது தலைகீழ். வக்காலத்து அமைப்பான ஃபேர்ல பொறுப்புல இருந்த ஒருத்தர் 2003ல் டேனர்கள் தளம் மாதிரியே ஒரு நையாண்டித் தளம் பண்ணி, அவங்க பேரை ஒட்டியே பல முகவரிகளையும் பதிவு பண்ணி வெச்சார். போய்ப் பார்த்தா அங்க இருந்து ஃபேருக்கு வழி. நம்ம பதிவுலகத்து 'போலி' கலாட்டா நினைவிருக்கிறவங்களுக்கு வயித்தைக் கலக்கும். 2005ல் டேனர்கள் கேஸ் போட்டாங்க. 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது வியாபாரம் இல்லை, பகடின்னு சொல்லி ஃபேர் பக்கமே தீர்ப்பு கொடுத்துடுச்சு. சட்டப்படி சரியா இருக்கலாம். ஆள் பேர்ல முகவரி பதிவு பண்றதெல்லாம் எனக்கு சின்னப்புள்ளத்தனமாத்தான் தெரியுது. ஜெரால்ட் தீர்ப்பைப் பார்க்கலை, 2006லயே போயிட்டார்.

இரண்டாவது ஆள் எதிர் முகாம். பிரையன் ஹாக்லிட், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தவர். ஆபிரகாம் புத்தகத்தோட கையெழுத்துப் பிரதிகள்லயே வருஷக்கணக்கா ஊறினவர், கீயோட சேர்ந்து தொகுப்புகள் வெளியிட்டவர், வக்காலத்துப் பக்கத்து நம்பிக்கை நட்சத்திரம். 2018ல் சபையோட 'ஜோசப் ஸ்மித் ஆவணங்கள்' வரிசையில், ராபின் ஜென்சனோட சேர்ந்து எல்லாப் பிரதிகளையும் பேப்பைரஸ் படங்களோட பதிப்பிச்சார். சபையே போட்ட பதிப்பு, ஒளிவு மறைவு இல்லாம பளிச்சுன்னு கலர்ல. அந்த வேலையை முடிச்ச கையோட, கீ பக்கத்து வாதங்களை நான் இனிமே ஏத்துக்கலைன்னு வெளிப்படையாவே சொல்லிட்டார். காரணம், வருஷக்கணக்கா பக்கத்துல வெச்சுப் பார்த்த அதே பிரதிகள்.

துண்டுகள் இப்போ சால்ட் லேக் சிட்டியில் சபையோட ஆவணக் காப்பகத்துல இருக்கு. படங்களை யார் வேணும்னாலும் பெரிசு பண்ணிப் பார்க்கலாம். கணக்குல நம்பிக்கை இல்லாதவங்க கிச்சன்ல இருக்கிற பேப்பர் டவல் ரோலை எடுத்து, ஓரத்துல ஒரு ஊசியை நாலு சுற்று உள்ள இறக்கி, பிரிச்சு, ஸ்கேல் வெச்சு அளங்க. உள்ள மிச்சம் எத்தனை செ.மீ.ன்னு முதல்ல கணக்குப் போட்டு எழுதி வெச்சுட்டு, அப்புறம் முழுசா பிரிச்சுப் பாருங்க. நடுவுல இருக்கிற அட்டைக் குழாய் சுற்றளவு வந்ததும் கூட்டறதை நிறுத்திடணும், சொல்லிட்டேன். விடை எவ்வளவு பக்கத்துல வந்துதுன்னு பின்னூட்டத்துல போடுங்க.